நான் கோத்த நண்டு

எங்கள் வீட்டில் எதைச் செய்யாதே என்கிறார்களோ, அதை முதலில் செய்து பார்ப்பதுதான் என் வழக்கம். சங்கரன்கோவிலில் கோயிலை ஒட்டிய தெருவில், முட்டைகூட நுழையாத சைவ வீடு எங்களுடையது. அங்கிருந்து தூத்துக்குடிக்கு வேலைக்குப் போன சித்தப்பா, மீன்பிடிக்கிற குடும்பத்துப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். அதன்பிறகு அவர் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அம்மா புளியோதரையும் குடிதண்ணீரும் கட்டிக்கொடுத்துவிடுவாள். போகலாம், பேசலாம், அங்கே கை நனைக்கக் கூடாது.

நாலாம் வகுப்பு லீவில் அப்பாவோடு போயிருந்தேன். காலையில் சித்தி என்னைக் கடலோரப் பாறைகளுக்குக் கூட்டிப்போனாள். அப்பாவும் சித்தப்பாவும் பின்னால் வந்தார்கள். சித்தியின் வாளியில் சின்ன நண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டிருந்தன. தூண்டில் முள்ளை நடுவில் குத்தினால் நண்டு செத்துப்போகும், செத்ததைப் பெரிய மீன் சீண்டாது, பின்காலடியில் கொடுத்து ஓட்டின் ஓரமாக எடுக்க வேண்டும் என்று செய்து காட்டினாள்.

நானும் ஒன்றை எடுத்தேன். அது விரலைக் கவ்வி ரத்தம் வந்தது. நான் விடவில்லை. அப்பா கீழே போடச் சொல்லிக் கத்தினார்.

“நம்ம வீட்டுப் பொம்பளப்பிள்ள செய்யுத வேலையா இது? இனி ஒன்னைய இங்கன கூட்டிட்டே வரமாட்டேன், பாத்துக்கோ.”

சித்தியின் முகம் சுருங்கிவிட்டது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

“தொட்டாச்சுல்லா. இனி மீன் பிடிக்காம வரமாட்டேன்” என்று சொல்லி, நண்டைக் கோத்துத் தூண்டிலை வீசினேன்.

வெயில் உச்சிக்கு ஏறியபின் ஒரு செப்பிலி மீன் மாட்டியது. சித்தியும் நானும் சேர்ந்து இழுத்தோம். அப்பா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்கு வந்ததும், நான் பிடித்த மீனை நான்தான் தின்பேன் என்று சட்டமாக உட்கார்ந்துவிட்டேன். சித்தி குழம்பு வைத்தாள். வாயருகே கொண்டுபோனதும் குமட்டியது. இவ்வளவு வீராப்புப் பேசிவிட்டுக் கடைசியில் தோற்றுப்போனேனே என்று அழுகை முட்டியது. அப்பா புளியோதரைப் பொட்டலத்தை என் பக்கம் தள்ளினார். அதற்கு மட்டும் இறங்கிவர எனக்கு மனமில்லை. சித்தியிடம் ரசஞ்சோறு கேட்டேன்.

“நெசமாத்தான் கேக்கியா மக்கா?” என்றாள் சித்தி.

தட்டை நீட்டினேன். சித்தி போட்டாள். தின்று முடிப்பதற்குள் கேட்காமலே மறுபடியும் போட்டாள். அள்ளிப் போட்ட வேகத்தில் சோறு தரையில் சிந்தியது. சித்தப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். நண்டுக்கும் மீனுக்கும் அந்தக் கத்து கத்திய அப்பா, பொட்டலத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வெளியே போனார். மீனைத் தின்ன முடியாத அவமானத்தில் இருந்த எனக்கு, வெறும் ரசஞ்சோற்றுக்குப் போய் இவர்களெல்லாம் ஏன் இப்படி ஆகிறார்கள் என்று விளங்கவே இல்லை.