பொன்னாடை போர்த்திய கிற்றார்

ஒரு கலைஞனைப் புகழ்ந்தே பாட விடாமல் செய்தவன் நான்.

நாங்கள் குடியேறிய குரோருட்டில் எங்கள் மேல்வீட்டு நோர்வேக்காரர் ஆர்னெ, நாற்பது வருடமாக மற்றவர்களின் இசைத்தட்டுகளுக்குக் கிற்றார் வாசித்தவர். உறையில் அவர் பெயர் இருக்காது. அவர் தானே எழுதிய கன்ட்ரி என்னும் அமெரிக்க நாட்டுப்புறப் பாணிப் பாட்டுகளை மேடையில் பாடியதேயில்லை. எங்கள் பொங்கல் விழாவில் ஒன்று பாடும்படி கேட்டேன். புதுத் தொப்பியோடு வந்தார்.

பொன்னாடை போர்த்திவிட்டு அறிமுக உரையைத் தொடங்கினேன். “பெயரை அச்சிடாதவனும் மனிசனா?” என்று உலகத்தை விளாசினேன். கைதட்டினார்கள், இன்னும் விளாசினேன். அவர் கிற்றாரை மடியில் வைத்துக் காத்திருந்தார். ஒருவழியாக “இதோ ஆர்னெ!” என்றபோது மண்டபப் பொறுப்பாளர் விளக்கை அணைத்தார். ஐந்து மணிக்குப் பூட்ட வேண்டுமாம்.

“ஒரு பாட்டுக்குப் பொறுக்கேலாதோ? கலைஞனை மதிக்கத் தெரியாத சனம்!” என்று கொதித்தேன்.

“முக்கால் மணித்தியாலம் நீங்கள்தானேயப்பா கதைச்சனீங்கள்?” என்றாள் மனைவி.

அந்தக் கோபம் இன்றும் ஆறவில்லை, ஆள்தான் மாறிவிட்டது. இசைத்தட்டுக்காரர்கள் அவர் பெயரை மறைத்தாலும் வாசிக்க விட்டார்கள். நான் பெயரைச் சொல்லியே வாயை அடைத்தேன்.

படியேறும்போது மன்னிப்புக் கேட்டேன். ஆர்னெ பொன்னாடையை மடித்தபடி சொன்னார்:

“பரவாயில்லை. எத்தனையோ பேருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அவர்களுக்குப் பாட வரும்.”