பாட்டுக்கும் படத்துக்கும் ஒரு சோடிப் பெட்டி

எங்கள் கண்டாவளை வீட்டு விறாந்தையில் பாட்டுப் போட்டால் வயலில் நிற்பவனுக்கும் கேட்க வேண்டும். அதுதான் நல்ல ஸ்பீக்கர் என்று நெடுங்காலம் நம்பியிருந்தவன் நான். எங்கள் பக்கத்தில் கலியாண வீடோ பெண்பிள்ளை பெரியவளான சாமத்திய வீடோ, ஸ்பீக்கர்ப் பெட்டியை வீட்டுக்காரரைப் பார்த்தல்ல, றோட்டைப் பார்த்துத்தான் வைப்போம். நெஞ்சு அதிர வேண்டும். அதிராவிட்டால் அது என்ன சாமான்?

போன வருடம் அறுவடை முடிந்த கையோடு புதுசு வாங்க வெளிக்கிட்டேன். பாட்டு எனக்கு, படம் மனைவிக்கு. இரண்டுக்கும் ஒன்றே போதும் என்று வெளியில் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அவளுக்காகத்தான். கடைசிச் சண்டையில் ஷெல் விழுந்து அவளுக்கு வலது காது போய்விட்டது. இடது காதால் சமாளித்துவிடுவாள். படமென்றால் அவளுக்கு உயிர். அப்படிப்பட்டவள் கொஞ்சக் காலமாகப் படம் தொடங்கிக் கால் மணித்தியாலத்தில், "குசினியில வேலை கிடக்கு" என்று எழும்பிப் போய்விடுவாள். எட்டிப் பார்த்தால் கழுவின கோப்பையையே திரும்பவும் கழுவிக்கொண்டிருப்பாள். மற்றக் காதும் போகிறதோ என்று எனக்குப் பயம். கேட்கத் துணிவு வரவில்லை. அவள் பக்கத்தில் இல்லாமல் தனியப் படம் பார்ப்பது எனக்குப் பிடிக்கவேயில்லை.

கிளிநொச்சியில் ஒரு கடையின் உள்ளறையில் டிவியும் சோபாவும் போட்டு, என்னையும் அவளையும் இருந்து கேட்டுப் பார்க்க விட்டார்கள். முதலில் ஐந்து சின்னப் பெட்டியும் ஒரு பெரிய பேஸ் பெட்டியும் சேர்ந்த செட். பாட்டுக்குக் கண்ணாடி அலுமாரியே நடுங்கியது. "இதெல்லோ சாமான்!" என்றேன். அடுத்துப் படத்தைப் போட்டார் கடைக்காரர். வெடிச்சத்தம் அறையை அடைத்தது. ஆட்கள் கதைத்தது எனக்கே விளங்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். அவள் முகத்தில் இரத்தமே இல்லை.

"நிப்பாட்டுங்கோ! நிப்பாட்டுங்கோ!" என்று கத்தினேன். எனக்கு என்னிலேயே கோபம்.

கடைக்காரர் உயரமான இரண்டு பெட்டிகளை வயர் கொடுத்துப் பூட்டினார். "அண்ணை, இதில குத்துக் குறைவு. ஆனா குரல் துப்புரவா வரும்." ஓம், பாடுகிறவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. பிறகு படம். நான் வழக்கம்போல அவளுடைய இடது பக்கம் இருந்து காதுக்குள் சொல்லிக்கொண்டு வந்தேன். "தாயிட்டப் பொய் சொல்லுறான்." "அவா நம்பேல்லை." வருடக்கணக்காக அப்படித்தான். அவளுக்கு ஒரு வசனமும் தவறக் கூடாது.

கடைக்காரர் தயங்கித் தயங்கி, "குறை நினையாதேங்கோ அண்ணை. நீங்கள் கதைச்சுக்கொண்டிருந்தா அக்கா எப்பிடிப் பெட்டியைக் கேக்கிறது?" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அவவுக்கு ஒரு காது கேளாது, தெரியுமோ? நான் சொல்லாட்டி ஆர் சொல்லுறது?"

அவள் என் முழங்காலில் கை வைத்தாள். "இஞ்சருங்கோ, மற்றக் காது நல்லாக் கேக்குது. நீங்கள் சொல்லுறதுதான் கேக்குது. படம் கேக்குதில்லை."

"அப்ப ஏனப்பா இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"ஆசையாச் சொல்லிக்கொண்டிருக்கிற மனுசனை வாயை மூடுங்கோ எண்டு எப்பிடிச் சொல்லுறது? அதுதான் குசினிக்குப் போறனான்."

கடவுளே, எனக்கு எங்கே முகத்தை வைப்பதென்று தெரியவில்லை. ஆனால் காது போகவில்லை! அந்தச் சந்தோசத்தில் வெட்கம் பாதி மறந்துபோனது. எழும்பி அவளுடைய வலது பக்கத்தில் போய் இருந்தேன். காதோரத்துத் தழும்பை அவ்வளவு கிட்டத்தில் பார்த்து எத்தனையோ காலம்.

படம் திரும்ப ஓடியது. என் வாய் சும்மா இருந்தால்தானே? "என்ர செல்லம்" என்று அந்தக் காதுக்கு மெல்லச் சொன்னேன். அவள் திரும்பவில்லை. திரையில் யாரோ ஏதோ பகிடி விட, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள், நான் சொல்லாமலே.

இதையே கட்டித் தாங்கோ என்று கடைக்காரரிடம் சொல்லப் பார்த்தேன். பிறகு, அவளுக்குப் படம் கேட்கட்டும் என்று கையால் காட்டினேன்.