இறுகிப்போன இடது நட்டு

எண்பதுகளில் பம்மலில் குடியிருந்தேன். திருமுடிவாக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் அன்றுதான் வேலையின் முதல் நாள். எட்டு மணிக்குக் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். கிளம்பும் நேரத்தில் சைக்கிள் செயின் தொங்கியது. வாசலிலேயே சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டு, பின்சக்கரத்தை இழுத்து வைக்க நட்டுகளைக் கழற்ற உட்கார்ந்தேன். இடது பெடலைக் கழற்ற எதிர்ப்பக்கமாகத்தான் திருக வேண்டும்; இடது நட்டும் அப்படித்தான் என்று பலங்கொண்ட மட்டும் திருகினேன். இறுகிப்போயிற்று. வேர்த்துக்கொட்ட, கடைசியில் நட்டையே ‘சார்’ போட்டுக் கெஞ்சினேன்.

வாசல் அடைபட்டதால், ஸ்கூட்டரோடு நின்ற வீட்டுக்காரர் சீறினார்.

“இன்னாய்யா, வழில கவுத்துப் போட்டுகினு? நீ கயட்டல, டைட்டு பண்ணிகினு கீற.”

“இன்னிக்குத்தான் முதல் நாள் வேலை சார்.”

“இந்த மூஞ்சிக்கு வேல வேறயா? ஏறித் தொல.”

வழியெல்லாம் திட்டியபடியே, கேட் மூடுமுன் இறக்கிவிட்டார். நன்றி சொன்னதற்கும் திட்டினார்.

இப்போதெல்லாம் யாராவது திட்டினால் எனக்குக் கோபம் வருவதில்லை. திட்டுகிறவர் வண்டியில் பின்சீட் காலியா என்றுதான் பார்க்கிறேன்.