அறுபத்தொரு நாள் க்ரீம்

நெட்டுக்குப்பத்தில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் கன்னியம்மா "அக்கா"தான். காசிமேட்டு மீன் ஏலத்திலும் அதே பெயர்தான். லாஞ்சு என்கிற விசைப்படகின் டிரைவர் தேசப்பனும் பதினோரு வருடங்களாக அப்படித்தான் அழைத்துவந்தார். போன பங்குனியில் ஒரு நாள், அவளுடைய கூடையில் வவ்வால் மீனை அள்ளிப் போட்டுக்கொண்டே, "கன்னிமா, ஐஸ் போதுமா?" என்று கேட்டார்.

அக்கா என்ற சொல் அன்று வரவில்லை. மறுநாளும் வரவில்லை. ஒரு பெண்ணின் மனசு இதைக் கவனிக்காமல் இருக்குமா? கவனித்தது. கவனித்துவிட்டுப் பயந்தது.

ஒரு வாரம் கழித்து அவரே வந்து நின்றார். "எனக்கு சுத்தி வளைச்சுப் பேச வராது கன்னிமா. நீயும் ஒண்டி, நானும் ஒண்டி. நாம ஒரே வூட்ல இருந்தா இன்னா?"

கன்னியம்மா தராசைக் கீழே வைத்தாள். சரி என்ற வார்த்தை தொண்டை வரை வந்துவிட்டது. ஆனால் வாய் வேறொன்றைச் சொன்னது.

"தடை முடியட்டும் டிரைவரே. சொல்றேன்."

ஏப்ரல் பாதியில் தொடங்கி அறுபத்தொரு நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது என்பது சட்டம். மீன் முட்டையிடும் காலம். அந்தக் காலத்தைத்தான் அவள் தவணையாகக் கேட்டாள். "சரி, கடலே வெயிட் பண்ணுது, நா பண்ண மாட்டனா?" என்று சிரித்துவிட்டுப் போனார் தேசப்பன்.

தவணை எதற்கு? அவளுடைய முகத்துக்கு.

கன்னியம்மாவுக்கு நாற்பத்தேழு வயது. தேசப்பனுக்கு நாற்பத்து நான்கு. மூன்று வயது பெரிய விஷயமில்லை. ஆனால் மகள் நர்மதாவுக்குப் பத்து வயதாகும்போது மஞ்சள் காமாலை கணவனைக் கொண்டுபோனது. அன்றிலிருந்து அவள் கூடை தூக்கினாள். விடியும் முன் ஏலம், பகல் ஒரு மணி வரை எண்ணூர் நெடுஞ்சாலை ஓரத்தில் வெட்டவெளி வெயில், மேலே உப்புக்காற்று, லாரிப் புழுதி. கண்ணோரத்தில் கோடு, நெற்றியில் கோடு, உதட்டுக்கு மேல்கூட நெருக்கமாகக் கோடுகள். தேசப்பனோ மூன்று தங்கைகளைக் கட்டிக்கொடுத்ததில் தன் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டவர். லாஞ்சின் கேபின் நிழலில் நின்றே ஓட்டுவதால் முகம் அப்படியே இருந்தது. தலையில் ஒரு நரை இல்லை.

பக்கத்தில் மீன் விற்கும் ஆவுடையம்மாளிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னாள். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அடிப்பாவி! ஜோடியா நின்னு போட்டோ எடுத்தா, புள்ளைக்கு எப்போ கண்ணாலம்னு உன்னிய கேப்பாங்களே! ஆத்தாளும் மவனும் மாறி கீது."

"வாய மூடு. எறா மேல ஈ மொய்க்குது பாரு."

சொல்லிவிட்டாள். ஆனால் அந்த வார்த்தை உள்ளே போய் முள்ளாகக் குத்திக்கொண்டது. நல்ல மனுஷனை நாலு பேர் நையாண்டி பண்ண நான் காரணமாவதா என்று அன்றிரவு தலையணையை நனைத்தாள்.

நர்மதாவுக்கு இருபத்திரண்டு வயது. துணி ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை. அம்மாவின் மனம் அவளுக்குச் சொல்லாமலே தெரியும், அவளுக்குச் சம்மதமும்கூட. அவள்தான் போனில் தேடி, சுருக்கம் போக்கும் க்ரீம் ஒன்றை வரவழைத்தாள். தங்க நிற மூடி போட்ட சின்ன டப்பா. எட்டு வாரத்தில் பத்து வயது குறையும் என்று அட்டையில் ஒரு வெள்ளைக்காரி சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எட்டு வாரம்னா?"

"அம்பத்தாறு நாளும்மா."

தடை முடிய இன்னும் ஐந்து நாள் மிச்சம் இருக்கும். கன்னியம்மா கடலம்மாவுக்கு ஒரு கும்பிடு போட்டாள்.

"ராத்திரி போடணும்னு எழுதிகீது. பகல்ல போடக்கூடாது, இன்னா? மறந்துடாத," என்றாள் நர்மதா.

மறக்கவில்லை. அங்கேதான் வினையே. ஊர் ஜனங்களுக்கு ராத்திரி என்றால் படுக்கப் போகும் நேரம். கன்னியம்மாவோ டிவியில் செய்தி ஓடும்போதே படுத்துவிடுவாள். அந்த நேரத்தை ராத்திரி என்று அவள் ஒப்புக்கொண்டதே இல்லை. இரண்டு மணிக்கு எழுந்து, முகம் கழுவி, கூடையோடு ஷேர் ஆட்டோவுக்கு நிற்பாளே, அதுதான் அவளுக்கு ராத்திரி. கழுவின முகத்தில் க்ரீமை நன்றாகத் தேய்த்துக்கொண்டு கிளம்பினாள். நர்மதா அப்போது அயர்ந்து தூங்கிக்கொண்டிருப்பாள்.

தடைக்காலத்திலும் சட்டம் தடுக்காத சின்ன ஃபைபர் படகுகள் போய்வரும். அந்த மீனை ஏலத்தில் எடுத்து, அதே முகத்தோடு மதியம் வரை வெயிலில் உட்கார்ந்தாள். கத்திரி வெயில் தொடங்கியது. மூன்றாவது வாரம் கன்னத்தில் தோல் பொடிப்பொடியாக உரிந்தது.

"ஏ, வேல செய்யுதுடி! பாம்பு மாறி பழைய சட்டைய கயட்டுற," என்றாள் ஆவுடையம்மாள்.

கன்னியம்மாவும் அப்படித்தான் நம்பினாள். இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் பூசினாள். ஐந்தாவது வாரம் முகம் பழுத்த மிளகாயாகச் சிவந்தது. மீன் கழுவும் தண்ணீர் தெறித்தால் உயிர் போனது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு கண் மட்டும் தெரிய விற்றாள்.

காசிமேட்டில் வலை பின்னிக்கொண்டிருந்த தேசப்பன் இரண்டு முறை எதிரே வந்தார். இரண்டு முறையும் அவள் முகத்தை மூடிக்கொண்டு வேறு பக்கம் நடந்தாள். மூன்றாம் முறை அவர் வரவில்லை.

ஒரு நாள் காலையில், மகள் வேலைக்குக் கிளம்பும்போது முந்தானை விலகிவிட்டது. நர்மதா அலறிவிட்டாள். கையைப் பிடித்து இழுக்காத குறையாக அரசு ஆஸ்பத்திரியின் தோல் டாக்டரிடம் கொண்டுபோனாள். டாக்டர் மகிமா சின்னப் பெண். டப்பாவைத் திருப்பித் திருப்பிப் படித்தாள்.

"இதை எப்பம்மா போடுறீங்க?"

"ராத்திரிதான் டாக்டர். ரெண்டு மணிக்கு."

"போட்டுட்டுத் தூங்கிடுவீங்களா?"

"தூங்குனா ஏலம் யார் எடுக்குறது? கடலாண்ட போவேன், மீன் வாங்குவேன், ஒரு மணி வரைக்கும் ரோட்ல குந்திகினு விப்பேன்."

"வெயில்லயா?"

"பின்ன? எனக்கு இன்னா ஏசியா போட்டு வெச்சிகீறாங்க?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். நர்மதா தலையில் அடித்துக்கொண்டாள். ரெட்டினால் என்ற மருந்து இதில் இருக்கிறது, அதைப் பூசினால் தோல் வெயிலுக்குச் சட்டென்று கருகும், அதனால்தான் பூசிவிட்டுத் தூங்கச் சொல்கிறார்கள் என்று டாக்டர் விளக்கினாள். ஒரு மாதம் எதையும் பூசாமல் இருக்கவேண்டும். எரிச்சலுக்கு மட்டும் ஒரு களிம்பு.

கன்னியம்மா எழுந்திருக்கவில்லை. "ஒண்ணு கேக்கட்டுமா டாக்டர்? ஒயுங்கா போட்டிருந்தா சுருக்கம் போயிருக்குமா? நெசத்த சொல்லு."

மகிமா அவளுடைய முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். பொய் சொல்லத் தோன்றவில்லை.

"மெல்லிசான கோடு கொஞ்சம் மங்கும்மா. அதுக்கும் ஆறு மாசம், ஒரு வருஷம் ஆகும். இந்த மாதிரி ஆழமான கோடு எந்த க்ரீம்லயும் போகாது. பல க்ரீம் தோலை ஈரமா வெச்சு, அந்த நேரத்துக்குப் பளபளன்னு காட்டும், அவ்வளவுதான். விலை ஜாஸ்தின்னா வேலை ஜாஸ்தின்னு கிடையாது. புதுசா கோடு வராம இருக்கணும்னா வெயில் படாம பாத்துக்கணும். குடை வெச்சுக்கோங்க. வெயிலுக்குன்னு தனியா ஒரு க்ரீம் இருக்கு, முகம் ஆறினதும் எழுதித் தரேன்."

"புரியுது. ஐஸு போட்டா மீனு அப்படியே நிக்கும். ஆனா புடிச்ச அன்னிக்கு இருந்த மாறி ஆவாது."

"கரெக்டா சொன்னீங்க," என்று டாக்டர் சிரித்தாள். கன்னியம்மா சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் ஆவுடையம்மாள் சேதி கொண்டுவந்தாள். இந்த முறை அவள் குரலில் கேலி இல்லை.

"தேசப்பன் வெசாகப்பட்ணத்து லாஞ்சுக்குப் போறானாம்டி. இங்க ஒரு தபா ஓட்டிட்டு வந்து, அப்பால அங்கியே இருந்துக்கப் போறானாம். எவளோ மூஞ்சிய மூடிகினு போறாளாம், பதில் தெரிஞ்சு போச்சாம்."

கன்னியம்மாவின் நெஞ்சில் அலை வந்து அறைந்தது. முகத்தை மறைத்தது அவர் பார்த்துவிடக் கூடாதே என்றுதானே! அது இப்படியா போய்ச் சேரவேண்டும்?

தடை முடியும் நாள் வந்தது. நள்ளிரவில் படகுகள் கிளம்பும். அதற்கு முன் அந்தி நேரத்தில் துறைமுகம் திருவிழாவாக இருக்கும். புதுப் பெயிண்ட் மணக்க, மாலை போட்ட லாஞ்சுகள் வரிசையாக நிற்கும். தேசப்பன் ஓட்டும் லாஞ்சில் ஒரு வழக்கம் உண்டு. போகிற ஒவ்வொருவருக்கும் அவரவர் வீட்டுப் பெண் வந்து, படகின் முன்முனையான அணியத்தில் கற்பூரத் தட்டு காட்டி, எலுமிச்சம்பழம் வைத்து வழியனுப்பவேண்டும். வேறு யாரும் அந்தத் தட்டைத் தொடமாட்டார்கள். தேசப்பனுக்காக அவருடைய கடைசித் தங்கை வருவாள். இந்த முறை அவள் பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள்.

எல்லா வீட்டுப் பெண்களும் காட்டி முடித்தார்கள். தேசப்பனுக்கான தட்டு மட்டும் தரையில் இருந்தது. "வுடுங்கப்பா, எனக்கு யாரு கீறாங்க," என்று தேசப்பன் கயிற்றைச் சுருட்டப் போனார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு கன்னியம்மா வந்தாள். குனிந்து தட்டை எடுத்தாள்.

 தாலி அறுத்தவள் தட்டைத் தொடுவதா என்று ஒரு குரல் எழுந்து, யாரும் சேர்ந்துகொள்ளாததால் அடங்கியது. "ஏய், மூஞ்சிய மூடிக்கடி," என்று ஆவுடையம்மாள் பின்னாலிருந்து கிசுகிசுத்தாள். நெருப்பைக் கையில் வைத்துக்கொண்டு முந்தானையால் மூட முடியுமா? கன்னியம்மா முந்தானையை இடுப்பில் செருகினாள். கற்பூரம் எரிந்தது. அந்த வெளிச்சத்தில் முகம் முழுதும் தெரிந்தது. கறுத்த திட்டுகள், உரிந்த கன்னம், அத்தனை கோடுகளும்.

தேசப்பனின் கையிலிருந்து கயிறு விழுந்தது.

"இன்னா ஆச்சு மூஞ்சிக்கு?"

"க்ரீமு போட்டேன்."

"எதுக்கு?"

"உன் பக்கத்துல நின்னா ஆத்தா மாறி தெரியக் கூடாதுனு. தடை முடியறதுக்குள்ள சுருக்கம் போயிடும்னு நெனச்சேன். போவல."

லாஞ்சிலிருந்த ஆட்கள் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார்கள். தேசப்பன் சிரிக்கவில்லை. அவருக்குக் கண் கலங்கியது.

"லூசா நீ? போயிருந்தா இந்தக் கூட்டத்துல உன்னிய எப்படிக் கண்டுபுடிப்பேன்? பதினோரு வருசமா பாக்குற மூஞ்சி. இதாண்ட தான கேட்டேன்? க்ரீமாண்டயா கேட்டேன்?"

"எல்லாரும் சிரிப்பாங்க."

"சிரிச்சிட்டுப் போவட்டும். நீ பதில் சொல்லு."

"தட்டத் தூக்கிகினு நிக்கிறேன், இன்னும் இன்னா பதிலு? கைய சுட்டுது. வந்து ஒத்திக்கோ."

அவர் இரண்டு கைகளாலும் சுடரை ஒற்றிக் கண்ணில் வைத்துக்கொண்டார். கைகள் முகத்தைவிட்டு இறங்க வெகுநேரம் ஆனது. பிறகு படகு ஓனரைத் திரும்பிப் பார்த்து, "வெசாகப்பட்ணத்துக்கு வேற ஆளு சொல்லிடுங்க நைனா," என்றார்.

"பத்து நாள்ல வந்துடுவேன் கன்னிமா."

"வா. உன்னிய இன்னானு கூப்டுறதுனு நர்மதா கேட்டுகினே கீறா. நீயே வந்து சொல்லு."

எலுமிச்சம்பழத்தை அவருடைய கையில் வைத்தாள். ஆவுடையம்மாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே குலவையிட்டாள்.