முதலாளியின் ஸ்வெட்டர்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஒற்று எங்கே வரும், எங்கே வராது என்பது இன்றுவரை பிடிபடவில்லை. படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லவும் எனக்கு வராது. நாலு பேர் சேர்ந்தால் ஓரமாய்ப் போய் நிற்கிறவன்.

முதலாளி வீட்டு மாடி அறை ஆணியில் ஒரு காபிக்கலர் ஸ்வெட்டர் தொங்கும். கத்திரி வெயிலில் எங்கள் பிள்ளையார்பாளையமே வெந்துகொண்டிருக்கும்போது முதலாளி அதைப் போட்டுக்கொண்டு டீக்கடைக்கு வருவார். "இன்னா மொதலாளி, ஊட்டிக்குக் கெளம்பிட்டீங்களா?" என்பார் டீக்கடைக்காரர். "என் ஊட்டி மாடியிலயே இருக்குதுபா" என்பார் இவர். அங்கே கம்ப்யூட்டர்கள் அடுக்கடுக்காய் ஓடும். அவை சூடாகாமலிருக்க ஏசி இரவும் பகலும் ஓடும். அறையைப் பெருக்குவதும் ஜெனரேட்டரைப் பார்ப்பதும் என் வேலை.

இது என்ன தொழில் என்று சேர்ந்த புதிதில் கேட்டேன். "பட்டுக்கடைக்காரங்க இன்டர்நெட்டுல கடை தொறக்கறாங்கள்ல, அந்தக் கடைக்கு நாம எடம் வாடகைக்கு வுடறோம். எவன் எப்போ வந்து பார்த்தாலும் கடை தொறந்திருக்கணும். அவ்ளோதான்பா" என்றார். ஒரே மெஷினில் தொடங்கியவர். முதலில் தெரிந்த பட்டுக்கடை ஒன்று, பிறகு கல்யாண மண்டபங்கள், பிறகு ஆரணி, வேலூர்க் கடைகள். குறைந்த விலைக்குத் தருவதாகச் சென்னையிலிருந்து பலர் வந்தார்கள். ஆனால் ஏதாவது கோளாறு என்றால் அவர்களைப் போனில் பிடிக்க முடியாது. முதலாளி சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் எடுத்துவிடுவார். "புதுசா ஒருத்தன் வர்றது லாபம் இல்லபா. வந்தவன் போகாம இருக்கான் பாரு, அதான் லாபம்" என்பார். ஆண்டுதோறும் அதே கடைகள் வாடகையைப் புதுப்பித்தன. அறை போதாமல் பக்கத்துச் சுவரை இடித்தோம்.

அவர் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். எங்கள் ஊரில் அமாவாசையன்று தறி ஓடாது. அந்த வழக்கப்படி எங்களுக்கும் ஞாயிறு கிடையாது, அமாவாசைதான் விடுமுறை. அன்று மெஷின்களோடு அவர் மட்டும் தனியாக உட்கார்ந்திருப்பார். "தறிக்கே இன்னிக்கி லீவு. உங்க பொட்டிங்களுக்கு மட்டும் இன்னாங்க சாபம்?" என்று மாடிப்படியில் நின்று அம்மா சத்தம் போடுவார். முதலாளியின் மனைவியை நாங்கள் அம்மா என்றுதான் கூப்பிடுவோம்.

அது ஓர் ஆடி அமாவாசை. ஆவணி முகூர்த்தக் கூட்டம் வருவதற்குள் எல்லாக் கடைகளையும் பெரிய மெஷின்களுக்கு மாற்றிக்கொண்டிருந்தார். கரண்ட் போனதும் அடுத்த தெருவில் இருக்கும் என் வீட்டிலிருந்து ஓடிவந்து ஜெனரேட்டரைப் போட்டுவிட்டு மேலே போனேன். அந்தக் குளிரில், ஸ்வெட்டருக்குள், அவருக்கு வேர்த்துக் கொட்டியிருந்தது. இடது தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம் மொதலாளி."

"வாயுபா. இதோ, ஒரு மணி நேரம். பழைய பாவோட புதுப் பாவைப் பிணைக்கறப்போ பாதியில எவனாவது எழுந்திருப்பானா?"

தறியில் நீளவாக்கில் ஓடும் பழைய பாவு தீரும்போது புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக அதோடு முடிச்சுப் போடுவார்கள். பாதியில் விட்டால் எல்லாம் சிக்கலாகிவிடும். அம்மாவைக் கூப்பிடக் கீழே ஓடினேன். நாங்கள் மேலே வந்தபோது மேசையில் சாய்ந்திருந்தார். ஆஸ்பத்திரி வாசலிலேயே உதட்டைப் பிதுக்கிவிட்டார்கள்.

மாற்றும் வேலை தானாகவே நடந்து முடிந்திருந்தது. சாவு வீட்டில் ஒரு பட்டுக்கடைக்காரர் தேம்பியபடி அம்மாவிடம் சொன்னார்: "என் கடை ஒரு நிமிஷம்கூட நிக்கலமா. அப்படியாப்பட்ட மனுஷன்!" நல்ல மனதோடுதான் சொன்னார். அம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று ஒருவர் போனதே வெளியூர்க் கடைகள் பலவற்றுக்குத் தெரியாது.

இப்போது அவருடைய ஒரே மகள் நடத்துகிறது. நாங்கள் பாப்பா என்போம். படித்த பெண், தொழில் முன்னைவிடப் பெருகிவிட்டது. அமாவாசை விடுமுறையை எங்களுக்கு இன்றும் தருகிறது.

இன்று முதலாளிக்குப் படையல். பாப்பாவை அழைத்துவர அம்மா என்னை மேலே அனுப்பினார். ஆணி வெறுமையாக இருந்தது. அந்த ஸ்வெட்டரைப் பாப்பா போட்டிருந்தது. கை நீளமென்று மடித்துவிட்டிருந்தது.

"எலை போட்டாச்சு பாப்பா. நீ வந்து காக்காவுக்கு வச்சாத்தான் அம்மா சாப்புடுவாங்க."

திரும்பிப் பார்க்கவில்லை. "இதோ மாமா, ஒரு மணி நேரம்."

தெருவில் ஒரு தறிச் சத்தமும் இல்லை. மேலே மட்டும் மெஷின்களின் இரைச்சல். கீழே போய் அம்மாவிடம் என்ன சொல்வதென்று தெரியாமல் மாடிப்படியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இலையில் சோறு ஆறிக்கொண்டிருக்கிறது.

தை அமாவாசை, பகல்.