பாட்டைத் தின்ற அப்பா

அப்பா முப்பத்தோரு வருடம் லிப்ட் மெக்கானிக். நாங்கள் கடைசிவரை தரைத்தளத்தில்தான் குடியிருந்தோம். "வேலை நேரத்துல ஏறி இறங்கினது போதாதா?" என்பார்.

அவர் போய் நான்கு மாதம் ஆகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா சட்டென்று நிறுத்தினாள்.

"ஏண்டி, உங்கப்பா குரல் எனக்கு ஞாபகத்துக்கே வரமாட்டேங்குது. முகம் வருது. குரல் வரல."

எனக்கும் சரியாக வரவில்லை. போனில் தேடினேன், எதுவும் இல்லை. போனில் அவர் பேசுவதே "வந்துட்டேன், கதவைத் திற" என்பதுதான். அதை யார் பதிவு செய்வார்கள்? மிச்சம் இருந்தது ஒரே ஒரு வீடியோ கேசட்.

அது ஒரு சிரிப்புப் படம். பழைய பியானோவுக்குள் ஒரு பூதம் குடியிருக்கும். கறுப்புக் கட்டையைத் தட்டினால், காதில் விழுந்த அத்தனை பேரும் தரையை விட்டு எழும்பி மிதப்பார்கள். கடைசிக் காட்சி நீதிமன்றத்தில். நீதிபதி நாற்காலியோடு மேலே போவார், பின்னாலேயே வக்கீல்கள், போலீஸ், கைதி. அந்தரத்தில் ஒரு பாட்டு. அம்மாவுக்கு அந்தப் பாட்டு என்றால் உயிர்.

அப்பாவுக்கு அது தொழில் விவகாரம். ஆட்கள் மேலே போவதைப் பார்த்துக்கொண்டு அவரால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. "சும்மாதான் பாருங்களேன்" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

என் பத்தாவது பிறந்தநாளுக்கு அப்பா ஒரு காரியம் செய்தார். எங்கள் வீடியோ பிளேயரில் மைக் சொருக ஓர் ஓட்டை உண்டு. பேசினால் தன் குரல் பாட்டுக்கு மேலே சேர்ந்துகொள்ளும் என்று நினைத்தார். பதிவைத் தடுப்பதற்காகக் கேசட்டின் விளிம்பில் விட்டிருந்த பள்ளத்தை டேப் ஒட்டி மூடினார். கதவைச் சாத்திக்கொண்டு, படத்தின் கடைசிப் பதினெட்டு நிமிடமும் பேசித் தள்ளினார். போட்டுப் பார்த்தோம். படம் இருந்தது. அப்பா இருந்தார். பாட்டைக் காணோம்.

அம்மா மூன்று நாள் அவரோடு பேசவில்லை. நாலாம் நாள், "உலகத்து லிப்டையெல்லாம் சரி பண்ற மனுஷன் என் பாட்டைத் தின்னுட்டாரு" என்றாள். பிறகு எப்போது அந்தப் படம் போட்டாலும் அதையே சொல்வாள். அப்பாவின் பதிலும் மாறாது: "யோசனை சரிதான். மிஷின்தான் தப்பு."

கேசட் பீரோவின் அடித்தட்டில் கிடைத்தது. நாடாவின் ஓரமெல்லாம் வெள்ளைப் பூஞ்சை. நான் மருத்துவமனைக் கருவிகளைப் பழுது பார்ப்பவள். கையுறை, ஸ்பிரிட், மெல்லிய துணி, இரண்டு ஞாயிறு. ஓரிடத்தில் நாடா அறுந்தது, ஒட்டினேன். எங்கள் பிளேயர் எப்போதோ செத்துப்போயிருந்தது. கூட வேலை பார்ப்பவர் ஒருவர் தன் ஸ்டீரியோ பிளேயரைக் கொடுத்தார்.

போட்டேன். கறுப்புக் கட்டை. நீதிபதி எழும்பினார். பாட்டு வந்தது, கணீரென்று.

அப்பா இல்லை.

அம்மா, இருபத்தாறு வருடமாகக் கேட்காத பாட்டை, இரண்டு வரி கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இது வேண்டாம். அவரைப் போடு."

"இரும்மா, பாக்கறேன்."

"என் பாட்டு எங்கேயும் போகாது. அவரைப் போடுடி."

யோசித்தேன். இந்த மாதிரி கேசட்டில் ஒலி இரண்டு இடத்தில் இருக்கும். ஒன்று நாடாவின் ஓரத்தில், இன்னொன்று படத்துக்கு அடியில். எங்கள் பழைய பிளேயருக்கு ஓரம் மட்டும்தான் தெரியும். அப்பா தின்றது ஓரத்தை மட்டும். இந்தப் பிளேயர் தரமானதைத் தேடி அடியில் இருப்பதை எடுத்துவிட்டது. முன்பக்க மூடியைத் திறந்தேன். உள்ளே ஒரு சின்ன சுவிட்ச்: ஹை-ஃபை, நார்மல், மிக்ஸ். நார்மலில் வைத்தேன்.

"ஓவர்லோடு! ஓவர்லோடு! வக்கீல் ரெண்டு பேர் இறங்குங்க! கைதி இருக்கட்டும், பாவம், ஒல்லி!"

அன்றும் துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா அதைக் கீழே போட்டாள். "ஆமா, பெரிய மெக்கானிக்கு! சும்மாதான் பாருங்களேன்!" என்றாள் டிவியைப் பார்த்து.

அவர் எங்கே கேட்டார்? நீதிபதியின் நாற்காலிக்குக் கிரீஸ் போதவில்லை என்றார். பிறகு, எங்களுக்கு மனப்பாடமான அந்த இடம் வந்தது.

"இது உங்கம்மாவோட வரி. நான் வாயை மூடிக்கறேன்."

அதன்பின் நாற்பது நொடி மௌனம். ஒவ்வொரு தடவையும் அம்மா "எங்கே என் வரி?" என்று கத்திய மௌனம்.

என் கை சுவிட்சில் இருந்தது. நாடாவைக் கொஞ்சம் பின்னால் ஓட்டி, மிக்ஸில் வைத்தேன்.

பாட்டு வந்தது. அதற்கு மேலே அப்பா வந்தார். "நான் வாயை மூடிக்கறேன்" என்றார், மூடிக்கொண்டார். அவர் விட்ட இடத்தில், கூடாமல் குறையாமல், அம்மாவின் வரிகள் வந்து உட்கார்ந்தன. அம்மா கூடவே பாடினாள், உரக்க, சுருதி இல்லாமல். வரி முடிந்த நொடியில் அப்பா திரும்பி வந்தார். "கூரை வந்தாச்சு! எல்லாரும் பிரேக் போடுங்க!"

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"யோசனை சரிதாங்க," என்றாள் அவரிடம். "மிஷின்தான் தப்பு."