மேல் தாழ்ப்பாள்

அப்பாவின் காது மிஷினை உள்ளங்கைக்குள் வைத்து மூடினால் அது சன்னமாக விசிலடிக்கும். விரலை விரித்தால் நின்றுவிடும். முந்திரிப்பருப்பு அளவுதான் இருக்கும். அப்பா போய் ஏழு மாதமாகிறது. நான் இன்னும் அதற்கு பாட்டரி மாற்றிக்கொண்டிருக்கிறேன். யாராவது பார்த்தால் இவளுக்குப் பைத்தியம் என்பார்கள். பார்க்கத்தான் வீட்டில் ஆள் இல்லை.

அப்பா பட்டாளத்தில் பீரங்கிப் படையில் இருந்தவர். காது இரண்டையும் அங்கேயே விட்டுவிட்டு ஊருக்கு வந்து, ஏற்காட்டில் தச்சு வேலை பார்த்தார். இந்த மலையில் மழையும் பனிமூட்டமும் சேர்ந்துகொண்டால் மரம் உப்பிப்போய், கதவுகள் சாத்த வராமல் அடம்பிடிக்கும். கிளியூரிலிருந்து வாழவந்தி வரைக்கும் ஆள் வந்து கூப்பிடுவார்கள். சாக்குப் பையில் இழைப்புளியைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். அம்மா சீக்கிரமே போய்விட்டதால் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவரிடம் எதையும் கத்தித்தான் சொல்ல வேண்டும். தன் குரல் தனக்கே கேட்காததால் அவரும் கத்துவார். உப்பு தீர்ந்துபோனது தெருவுக்கே தெரியும். ஓமலூர் மாப்பிள்ளை எனக்கு வேண்டாம் என்று நான் சொன்னதும் தெருவுக்கே தெரியும். எஸ்டேட் ஆபீசில் என்னோடு வேலை பார்ப்பவர்கள், உனக்கு எதற்கு போன், ஜன்னலைத் திறந்து பேசினால் சேலத்துக்கே கேட்குமே என்பார்கள். நானும் சிரித்துக்கொள்வேன்.

மிஷின் ராணுவ ஆஸ்பத்திரியில் கொடுத்தது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு மட்டும் மாட்டிக்கொள்வார். அதிலும் பாட்டு முடிந்து பிரசங்கம் ஆரம்பித்ததும் கை மெல்லக் காதுக்குப் போகும், அணைத்துவிடுவார். பாதிரியாருக்கும் அது தெரியும். மற்ற நாளெல்லாம் மிஷின் டப்பாவுக்குள் கிடக்கும். வீட்டுக்குப் பின்னால் இருக்கிற பட்டறையில் மாட்டவே மாட்டார். இழைக்கிற சத்தம் அதற்குள் இரும்பை அறுப்பது போலக் கேட்கிறதாம்.

போன வருஷம் இருமல் நிற்கவில்லையென்று சேலத்துக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டு, புற்று நுரையீரல் முழுக்கப் பரவிவிட்டது, இந்த வயதில் அறுத்துப் பார்ப்பதில் அர்த்தமில்லை என்றார். அப்பா வெளியே பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பஸ் அடிவாரம் தாண்டி வளைவுகளில் ஏற ஆரம்பித்ததும்தான் கேட்டார், அவருடைய வழக்கமான குரலில்.

"என்ன கண்ணு சொன்னாரு டாக்டரு?"

பஸ்ஸில் அத்தனை தலைகளும் திரும்பின. அப்பாவின் சாவை ஒரு பஸ் முழுக்கக் கேட்கும்படி நான் எப்படிக் கத்துவேன்?

"சளிதானுங்கப்பா. மருந்து குடுத்திருக்காருங்க."

முன் சீட்டுக்காரர், அப்பாடா என்று எங்களைப் பார்த்துத் தலையாட்டினார்.

ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டியிருக்கலாம். இரண்டு முறை எழுதினேன்; இரண்டையும் அடுப்பில் போட்டேன். மூன்று வாரம் இப்படியே போனது. அப்புறம் ஒரு புதன்கிழமை, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவர் ஒரு பலகையை இழைத்துக்கொண்டிருந்தபோது, பட்டறை வாசலில் நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சாதாரணக் குரலில், பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவது போல. டாக்டர் சொன்னது, நான் பொய் சொன்னது, நீங்கள் போய்விட்டால் இந்த வீட்டில் ஒற்றையாக இருக்க எனக்குப் பயமாக இருக்கிறது என்பது. கேட்காது என்ற தைரியத்தில்தான் சொன்னேன். அவர் திரும்பவில்லை. இழைப்புளி போய் வந்துகொண்டிருந்தது, சுருள் சுருளாக மரச்சீவல் காலடியில் விழுந்துகொண்டிருந்தது. நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு சோறு வடிக்கப் போனேன்.

அந்தச் சனிக்கிழமை ஆபீசிலிருந்து வந்தபோது அப்பா எங்கள் முன்கதவில் இன்னொரு தாழ்ப்பாள் பொருத்திக்கொண்டிருந்தார். உள்பக்கம், மேலே, என் கை எட்டுகிற உயரத்தில். எதற்கு இது என்று கத்தினேன். கடைசித் திருகாணியை முடுக்கிவிட்டுத்தான் பேசினார்.

"ஒத்த ஆளு இருக்கற ஊட்டுக்கு ஒரு தாப்பா பத்தாது கண்ணு."

அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை. வயதானவர்கள் பேசுகிற பேச்சு என்று எடுத்துக்கொண்டேன். இல்லை, அப்படி எடுத்துக்கொள்ளத்தான் ஆசைப்பட்டேன். அதற்குப் பிறகு நான்கு மாதம் இருந்தார். நோயைப் பற்றி நானும் பேசவில்லை, அவரும் கேட்கவில்லை.

அடக்கம் முடிந்து உறவுக்காரர்கள் பஸ் ஏறிப் போன பிறகு மிஷின் டப்பாவைத் திறந்தேன். அது காலியாக இருந்தது. பட்டறையில் ஆணியில் தொங்கிய அவருடைய வேலைச் சட்டைப் பையில் மிஷின் கிடந்தது. அதன் இடுக்கெல்லாம் மரத்தூள். பட்டறையில் மாட்டவே மாட்டேன் என்றவர், நான் என்ன மறைக்கிறேன் என்று தெரிந்துகொள்ள அந்த அறுக்கிற சத்தத்தைப் பொறுத்துக்கொண்டிருந்திருக்கிறார். ஊசி முனையால் தூளை எடுத்தேன். எல்லாவற்றையும் எடுக்கவில்லை, கொஞ்சம் விட்டுவைத்திருக்கிறேன்.

இப்போது வீட்டில் யாரும் கத்துவதில்லை. இருட்டத் தொடங்கியதும் கீழ்த் தாழ்ப்பாளைப் போடுகிறேன், அப்புறம் கையை உயர்த்தி மேல் தாழ்ப்பாளை. உள்ளங்கையில் மிஷினை மூடிக்கொள்கிறேன், அது விசிலடிக்கிறது.

ரெண்டும் போட்டுட்டேனுங்கப்பா என்கிறேன். மெதுவாகத்தான் சொல்கிறேன்.